புரோபேட் போய்விட்டது, பாகப்பிரிவினை பாக்கி

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 71 பழைய சட்டங்களை நீக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதே சட்டம், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து 213-ஆவது பிரிவையும் எடுத்துவிட்டது. 'இனி உயிலுக்கு புரோபேட் தேவையில்லை' என்று செய்தி பரவியதும் நம் மக்களில் பலர் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஹஜ்ரத், இதனால் நமக்கு என்ன லாபம்?"

நேரடியாகச் சொன்னால், ஒன்றுமில்லை. ஏனெனில் அந்தத் தடை நமக்கு எப்போதுமே இருந்ததில்லை.

புரோபேட் என்பது, உயில் எழுதியவர் இறந்த பிறகு, 'இது அவர் எழுதிய உயில்தான், முறைப்படி எழுதப்பட்டதுதான்' என்று நீதிமன்றம் விசாரித்துத் தரும் சான்று. சென்னை, மும்பை மாநகரங்களிலும் வங்காளத்திலும் எழுதப்பட்ட உயில்களுக்கும், அங்குள்ள அசையாச் சொத்து பற்றிய உயில்களுக்கும் இந்தச் சான்று கட்டாயமாக இருந்தது. அதுவும் இந்து, பௌத்த, சீக்கிய, ஜைன, பார்சி சமூகத்தாருக்கு மட்டுமே. தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கும் இந்துச் சகோதரருக்குக்கூட, சென்னையில் சொத்து இருந்தால் அல்லது சென்னையில் உயில் எழுதியிருந்தால்தான் அந்தத் தொல்லை. முஸ்லிம்களின் உயிலுக்கு இது பொருந்தாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்குக் கிடைத்தது. இப்போது மற்ற சமூகத்தாருக்கும் கட்டாயம் நீங்கியிருக்கிறது.

அப்படியானால் நூறு ஆண்டுகளாக விலக்குப் பெற்றிருந்த நம் சமூகத்தில் பாகப்பிரிவினைகள் சிக்கலின்றி நடந்திருக்க வேண்டும். நடந்ததா? வாப்பா மவ்த்தாகி இருபது ஆண்டுகள் கடந்தும் பிரிக்கப்படாத வீடுகள் இந்தக் கரையில் எத்தனை? பத்திரம் பாட்டனார் பெயரில், வரி ரசீது வாப்பா பெயரில், குடியிருப்பது மகள், உரிமை கோருவது பேரன் என்று நிற்கும் வீடுகள் எத்தனை? நீதிமன்றப் படிக்கட்டு நமக்குத் தடையாக இருந்ததில்லை. எழுதாமல் விட்டதும், பிரிக்காமல் தள்ளிப்போட்டதும், மகளின் பங்கை மறந்துபோனதுமே தடை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நாமினி வாரிசு அல்ல

முதலில் வங்கியிலிருந்து தொடங்குவோம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். லாக்கருக்கு ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நியமிக்க முடியும். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், உரிய தாள்கள் வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் இறந்தவரின் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்கின்றன. நாமினி இல்லாத கணக்கிலும் 15 லட்சம் ரூபாய் வரை (கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம் வரை) எளிய முறையில் தரவேண்டும். தகராறு எதுவும் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொல்லி அலைக்கழிக்கக் கூடாது.

இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. நாமினி என்றால் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவுதான். வாங்கிய பணம் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. பங்குகள் பற்றி 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துள்ளது. மூத்த காக்கா நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவரிடம் அமானிதம். 'வாப்பா என் பேரைத்தானே எழுதினாங்க' என்று அவர் முழுவதையும் வைத்துக்கொண்டால், உம்மாவின் எட்டில் ஒன்றையும் தங்கையின் பங்கையும் அபகரித்தவர் ஆகிறார். சதவீதம் எழுதும் வசதி வந்துவிட்டதால், 'நாமினி படிவத்திலேயே பாகம் பிரித்துவிட்டேன்' என்று இனி சிலர் நினைக்கக்கூடும். அந்தப் படிவத்தால் அல்லாஹ் நிர்ணயித்த பங்குகளை மாற்ற முடியாது.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் அப்படித்தான். வாரிசுகள் யார் என்று அது சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. ஆண் மக்கள் இல்லாத ஒருவர் இறந்தால், மனைவிக்கும் பெண் மக்களுக்கும் போக மீதியில் அவருடைய சகோதர சகோதரிகளுக்கு ஷரீஅத்தில் உரிமை வரலாம். சான்றிதழில் அவர்கள் பெயர் இல்லை என்பதால் அந்த உரிமை போய்விடாது.

வாய்ச்சொல்லில் நிற்கும் வீடுகள்

நம் கரைக்கே உரிய பெரிய சிக்கல் வீடு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். முத்து, சங்கு, மாணிக்கக்கல் வியாபாரம் என்று ஆண்கள் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் கப்பலேறிய காலத்தில், பெண்ணுக்குப் பிறந்த ஊரில் சொந்தக் கூரை இருப்பது பெரிய பாதுகாப்பாக இருந்தது. அந்த வழக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. கணவனை இழந்த பெண்ணை யாரும் வீட்டைவிட்டு இறக்க முடியாது என்ற நிலை எத்தனை சமூகங்களில் உண்டு?

ஆனால் அந்த வீடு எப்படிக் கொடுக்கப்பட்டது? பெரும்பாலும் நிக்காஹ் பேச்சின்போது, 'இந்த வீடு என் மகளுக்கு' என்ற ஒரு வாய்ச்சொல்லால். அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் உயிரோடு இருக்கும்வரை தகராறு வராது. அடுத்த தலைமுறையில்தான் வரும்.

இஸ்லாமியச் சட்டப்படி ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போது கொடுக்கும் அன்பளிப்பு, மூன்று விஷயங்களால் முழுமை பெறும்: கொடுப்பவர் அறிவிப்பது, பெறுபவர் ஏற்பது, சொத்தைக் கையில் ஒப்படைப்பது. இந்த மூன்றும் இருந்தால் பத்திரப் பதிவு இல்லாமலும் ஹிபா செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டுப் பலர் நிம்மதி அடைந்துவிட்டார்கள். ஆனால் 2025 அக்டோபரில் கர்நாடகத்தின் கலபுரகி நிலம் பற்றிய வழக்கில், தாய் மகளுக்கு வாய்மொழியாகக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஹிபாவை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. நிலம் மகளின் சுவாதீனத்துக்கு வந்ததைக் காட்டும் தக்க ஆதாரம் இல்லை. வழக்கும் காலம் கடந்து வந்தது. வாய்மொழி ஹிபா செல்லும். அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பெற்றவர் தலையில்.

நம் ஊர் வீடுகளில் இந்த நிரூபணம் இன்னும் கடினம். மகளுக்குக் கொடுத்த வீட்டிலேயே வாப்பாவும் உம்மாவும் கடைசிவரை வாழ்கிறார்கள். வீட்டு வரி, மின் இணைப்பு, பட்டா எல்லாம் வாப்பா பெயரிலேயே தொடர்கின்றன. ஒப்படைத்தார் என்பதற்கு எதைக் காட்டுவது? காட்ட முடியாவிட்டால் அந்த வீடு சட்டத்தின் கண்ணில் எல்லா வாரிசுகளுக்கும் பொதுச் சொத்து. மகள் நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டில் சகோதரனின் பிள்ளைகள் பங்கு கேட்டு நிற்பார்கள்.

இதற்கு நேர் எதிரான அநீதியும் உண்டு. வீடு முறையாகக் கொடுக்கப்பட்டது, யாருக்கும் மறுப்பில்லை. வாப்பா மவ்த்தான பிறகு மற்ற சொத்துகளைப் பிரிக்கும்போது, 'ஒங்களுக்குத்தான் வாப்பா வீடு தந்துட்டாங்களே ராத்தா' என்று சொல்லிச் சகோதரியை ஒதுக்கிவிடுகிறார்கள். கடையும் தோப்பும் தோணிப் பங்கும் ஆண்களுக்குள் பிரிகின்றன. இது மார்க்கத்தில் இல்லாத கணக்கு. வாழ்நாளில் கொடுத்த ஹிபா வேறு, மரணத்துக்குப் பின் வரும் வாரிசுப் பங்கு வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழிக்க ஃபராயிள் சட்டத்தில் இடமில்லை. குடும்பத்தில் சமநிலை வேண்டும் என்றால், அதைத் தந்தை உயிரோடு இருக்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

அதற்கும் நபி (ஸல்) அவர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் பிள்ளைகளில் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்து, அதற்கு நபியவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சி சொல்ல மறுத்துவிட்டு, பிள்ளைகளுக்கிடையே நீதியாக நடக்கும்படி சொன்னார்கள். நம் கரையில் பெரும்பான்மையாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுப்பது சுன்னத். காரணமின்றி ஏற்றத்தாழ்வு செய்வது வெறுக்கத்தக்கது. ஹன்பலி மத்ஹபில் சமம் காப்பது கடமையே. எனவே மகளுக்கு வீடு என்றால் மகனுக்குக் கடையோ, தொழில் முதலோ, மனையோ என்று தந்தை கண்முன்னே நிறுவிவிட வேண்டும். எல்லோரையும் விடப் பரிதாபம் கடைசி மகள். மூத்தவர்களுக்கு வீடு கொடுத்து முடிப்பதற்குள் வாப்பா போய்விட்டால், மிஞ்சிய ஒரே வீட்டில் அவளுக்கு ஒரு சிறு பங்கு மட்டுமே மிஞ்சும்.

இன்னொன்று, வெளிநாட்டு மகன் அனுப்பும் பணம். துபையிலும் ஹாங்காங்கிலும் உழைத்து அவன் அனுப்பிய பணத்தில் வாப்பா தம் பெயரில் மனை வாங்கித் தங்கைக்கு வீடு கட்டுகிறார். அந்தப் பணம் வாப்பாவுக்குக் கொடுத்த அன்பளிப்பா, கடனா, தங்கைக்குக் கொடுத்ததா? யாரும் கேட்பதில்லை, கேட்டால் பாசம் குறைந்ததாக நினைப்போம் என்ற கூச்சம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் (2:282) திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். உறவினர்களுக்கு அதில் விலக்கு இல்லை.

தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்குத் தான செட்டில்மென்ட் பத்திரம் பதிய, 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். ஒரு கல்யாணப் பந்தலுக்கு ஆகும் செலவு இதைவிட அதிகம். சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். வரி, மின் இணைப்பு, பட்டா மூன்றையும் மகள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

விடுதலைப் பத்திரம் என்னும் மாயை

சில குடும்பங்களில் கல்யாணத்தின்போதே மகளிடம், 'இனி வாப்பா சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்' என்று கையெழுத்து வாங்குகிறார்கள். தந்தை உயிரோடு இருக்கும்வரை மகளுக்கு அவர் சொத்தில் உரிமையே பிறக்கவில்லை. பிறக்காத உரிமையை விட்டுக்கொடுப்பது வெறும் தாள். உச்ச நீதிமன்றம் 1973-இல் இந்த விதியை ஏற்றது. ஆனால் அப்போது உரிய பிரதிபலன் பெற்றுக்கொண்டவர் பின்னர் பங்கு கேட்டால், நீதிமன்றம் அவரைத் தடுக்கலாம் என்றும் சொன்னது. தந்தை இறந்த பிறகு, தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, மனமுவந்து சகோதரி விட்டுக்கொடுத்தால் அது அவள் உரிமை. கணக்கே சொல்லாமல், கண்ணீரையும் உறவையும் காட்டி வாங்கும் கையெழுத்து அப்படிப்பட்டதல்ல.

மூன்றில் ஒரு பங்கு யாருக்கு?

வஸிய்யத், அதாவது மரணத்துக்குப் பின் செயலாகும் உயில், நமக்கு உண்டு. அதற்கு இரண்டு எல்லைகள்: மொத்தத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது, ஏற்கெனவே பங்கு பெறும் வாரிசுக்கு எழுதக் கூடாது. இவற்றை மீறினால், மரணத்துக்குப் பிறகு மற்ற வாரிசுகள் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். மரணப் படுக்கையில் கொடுக்கும் ஹிபாவும் வஸிய்யத்தாகவே கணக்கிடப்படும். 'ஆஸ்பத்திரியில் வைத்து எழுதி வாங்கிவிட்டோம்' என்பவர்கள் இதை அறிய வேண்டும்.

இந்த மூன்றில் ஒரு பங்கு மிக அவசியமாகும் இடம் ஒன்று உண்டு. தந்தைக்கு முன்பே மகன் இறந்துபோகிறான். வேறு மகன்கள் இருந்தால், இறந்த மகனின் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் சொத்தில் வாரிசுப் பங்கு வராது. எகிப்து 1946-இல் 'கட்டாய வஸிய்யத்' என்ற சட்டம் கொண்டுவந்து அந்த எத்தீம் பேரக்குழந்தைகளுக்கு வழி செய்தது. பாகிஸ்தான் 1961-இல் வேறொரு முறையில் சட்டம் செய்தது. இந்தியாவில் அப்படி ஒன்றும் இல்லை; தாத்தாவின் பேனாதான் அவர்களுக்கு வழி. தகப்பனை இழந்த பேரப் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு பெரியவரும் இன்றே வஸிய்யத் எழுத வேண்டும். எழுத வேண்டிய ஒன்றை வைத்துக்கொண்டு, எழுதாமல் இரண்டு இரவுகள் கழிப்பதுகூட முஸ்லிமுக்குத் தகாது என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது.

முஸ்லிமின் வஸிய்யத்துக்குத் தனி வடிவம் கட்டாயமில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆயினும் எழுத்தில், தேதியோடு, வாரிசு அல்லாத இரண்டு சாட்சிகளோடு இருக்கட்டும். நிறைவேற்றும் பொறுப்பாளர் ஒருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

கடன் முதலில்

பங்கு பிரிப்பதற்கு முன் கழிக்க வேண்டியவை உண்டு. கஃபன் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத். கடனில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது மனைவிக்குக் கொடுக்காமல் நிற்கும் மஹ்ர். அது அவருடைய பங்கு அல்ல, கணவரின் கடன். மனைவியின் சொந்த நகைகளையும் கணவரின் சொத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஓர் உதாரணம். ஒருவர் மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகளை விட்டு மறைகிறார். மொத்தம் 1 கோடியே 30 லட்சம் ரூபாய். மஹ்ரும் பிற கடன்களும் 10 லட்சம்; மீதி 1 கோடியே 20 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 15 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 20 லட்சம். மீதி 85 லட்சத்தில் மகன்களுக்குத் தலா 34 லட்சம், மகளுக்கு 17 லட்சம். பத்து நிமிடக் கணக்கு. இதற்குத்தான் நாம் இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறோம்.

விவசாய நிலத்துக்கும் இதே கணக்குத்தான். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தாலும், சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து அதையும் சேர்த்துவிட்டது. 'நன்செய்யில் பெண்ணுக்குப் பங்கு இல்லை' என்பது தமிழ்நாட்டில் சட்டமும் அல்ல, மார்க்கமும் அல்ல.

கடல் கடந்த சொத்து

புரோபேட் இங்கே போய்விட்டாலும் வெளிநாட்டில் போகவில்லை. ஹாங்காங்கில் உள்ள வீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் அங்குள்ள நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். உயில் இல்லாவிட்டால் அங்குள்ள வீட்டை அந்நாட்டு வாரிசுச் சட்டமே பிரிக்கும். சிங்கப்பூரில் ஷரீஅத் நீதிமன்றம் தரும் வாரிசுச் சான்று வேண்டும். இலங்கையில் 1931-ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம், இறந்தவர் சார்ந்த பிரிவின் சட்டப்படியே பங்கு தருகிறது. எந்த நாட்டில் சொத்து இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஏற்ப, ஃபராயிள் பங்குகளை அப்படியே எழுதி, ஓர் உயிலை அங்கேயே வைத்துவிடுவது குடும்பத்துக்குச் செய்யும் பேருதவி.

குடும்ப வக்ஃப் பற்றியும் ஒரு சொல். சந்ததிக்காகச் செய்யும் வக்ஃபைக் கேடயமாக்கிப் பெண் வாரிசுகளை ஒதுக்கும் வழி இனி இல்லை. 2025-ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டத்தின் பல பிரிவுகளை நம் சமூகம் நீதிமன்றத்தில் எதிர்த்து நிற்கிறது. அது நியாயமான போராட்டம். ஆனால் குடும்ப வக்ஃப் பெண்களின் வாரிசுரிமையைப் பறிக்கக் கூடாது என்று அதில் உள்ள வாசகத்தைப் படிக்கும்போது, அப்படி ஒன்றை நமக்குச் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டும். உத்தராகண்டில் 2025 ஜனவரி முதல் பொது சிவில் சட்டம் நடப்பில் இருக்கிறது. நம் வாரிசுச் சட்டம் பெண்ணுக்கு அநீதி செய்கிறது என்பவர்களுக்கு நாம் புள்ளிவிவரமும் வசனமும் காட்டிப் பதில் சொல்கிறோம். மகள் கையில் அவள் பங்கு போய்ச் சேர்ந்த பத்திரத்தைக் காட்ட முடிந்தால், அதைவிட வலுவான பதில் வேறில்லை.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

ஒன்று: ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள். வீடு, மனை, வங்கிக் கணக்கு, லாக்கர், காப்பீடு, சீட்டு, தோணியிலும் கடையிலும் உள்ள கூட்டுப் பங்கு, வாங்கிய கடன், கொடுத்த கடன், மஹ்ர் பாக்கி. பத்து ஆண்டுகள் இயங்காத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். வாரிசுக்கே தெரியாத கணக்கை வாரிசு எப்படித் தேடுவார்? அப்படிப் போன பணத்தைத் தேட 'உத்கம்' என்ற இணையதளம் இருக்கிறது.

இரண்டு: மகளுக்குக் கொடுத்த வீட்டை மகள் பெயருக்கு மாற்றுங்கள். கொடுக்கவில்லை என்றால், கொடுக்கவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் தெளிவாகச் சொல்லுங்கள்.

மூன்று: நாமினியை நியமியுங்கள், அவர் அமானிதக்காரர் மட்டுமே என்பதை நாமினிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

நான்கு: வஸிய்யத் எழுதுங்கள். எத்தீம் பேரப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிலிருந்து தொடங்குங்கள்.

ஐந்து: வாப்பா ஏற்கெனவே மறைந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். உம்மா உயிரோடு இருக்கும்போது பாகம் பிரிப்பது அவரை அவமதிப்பது என்ற எண்ணம் தவறு. அவருடைய எட்டில் ஒன்றை அவர் கையில் கொடுப்பதே அவருக்குச் செய்யும் கண்ணியம்.

நம் ஜமாஅத்துகளும் இதில் முன்வரலாம். நிக்காஹ் பதிவேட்டில் மஹ்ரை எழுதுவதுபோல், பெண்ணுக்கு வீடு கொடுப்பதாக அறிவித்தால் அதையும் சாட்சிகளோடு ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். ஒரு மவ்த் நடந்த நாற்பது நாட்களுக்குள் குடும்பத்தை அழைத்து, ஆலிம் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் உட்கார்ந்து பங்குக் கணக்கை எழுதிக் கொடுத்துவிடலாம். இந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பிக் குவியலைப் பங்கு வைத்த பிறகே படகுக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள். நாள் கடந்தால் சிப்பி நாறும் என்று அவர்களுக்குத் தெரியும். சொத்தும் அப்படித்தான்.

வாரிசுப் பங்குகளைச் சொல்லி முடித்த இடத்தில், இவை தன் எல்லைகள் என்றும், அவற்றை மீறுவோருக்கு இழிவான வேதனை உண்டு என்றும் அல்லாஹ் எச்சரிக்கிறான் (4:13, 14). தொழுகையில் ஒரு ரக்அத் குறைந்தால் பதறும் நாம், சகோதரியின் பங்கில் ஒரு பைசா குறைந்தாலும் அப்படியே பதற வேண்டும். உரியவருக்கு உரியதை உரிய நேரத்தில் கொடுக்கும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.